முதல் குளிர்காலமும் வைட்டமின் டி மாத்திரையும்

செப்டம்பரில் இங்கிலாந்து வந்திறங்கியவர்கள் பலர் நவம்பரில் கேட்பதையே நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்: மனம் சோர்ந்தே கிடக்கிறது, வைட்டமின் டி போட்டால் சரியாகிவிடுமா? எலும்புக்கும் தசைக்குமாக அதைப் போடுங்கள். மனச்சோர்வுக்கு அதையே மருந்தாக நம்பி இருந்துவிடாதீர்கள்.

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்கே வெயில் அடித்தாலும், தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் அதில் போதுமான அளவு இருப்பதில்லை. நம் தோலின் நிறத்துக்கு இன்னும் கூடுதலாக வெயில் தேவை என்பதால், தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயூ (வைட்டமின் அளவைச் சொல்லும் சர்வதேச அலகு) மாத்திரையைத் தெற்காசியர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்குமாறு இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்கிறது. டி3 என்ற வைட்டமின் டி வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. அது வேண்டாம் என்பவர்களுக்குப் பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

ஊரிலிருந்து அம்மா பெட்டியில் வைத்து அனுப்பும் 60,000 ஐயூ பாக்கெட்டுகள் வேறு வகை. குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருபவை அவை. கணக்கில்லாமல் தொடர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் கவனம் தேவை. ஊரில் நானோகிராம் கணக்கில் 20 என்று வந்த அதே அளவு இங்கே நானோமோல் கணக்கில் 50 என்று வரும். என் அறைத்தோழர் ஒருவர் அதைப் பார்த்து, மாத்திரை வேலை செய்துவிட்டது என்று பூரித்துப்போனார்.

மனச்சோர்வு உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மைதான்; ஆனால் சோர்ந்தவர் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே கிடப்பதாலும் அது குறையலாம். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்குத் தினம் 2,000 ஐயூவும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. மனச்சோர்வு வருவதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை என்பதால் அது கடைசித் தீர்ப்பு அல்லதான்; ஆனாலும் மாத்திரை மனத்தைத் தூக்கி நிறுத்தும் என்று நம்ப எனக்கு அது இடம் கொடுக்கவில்லை.

மாலை நான்குக்கே இருட்டிவிடும் டிசம்பரில், காலை வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு வாரம் கடந்தும் சோர்வு விலகாவிட்டால் ஜிபியை, அதாவது குடும்ப மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும், சைவ உணவுக்காரர் என்றால் வைட்டமின் பி12 பரிசோதனையும் வேண்டுமா என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற பேச்சுவழி மனநலச் சிகிச்சைச் சேவைக்கு ஜிபி கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் என்எச்எஸ் உதவி எண் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள்; உயிருக்கே ஆபத்து என்றால் அவசர எண் 999.