ஒரே ரகக் கோதுமை, பின்னால் விதைத்த வயலில் மட்டும் அசுவினிப் பூச்சி ஏன்?

கர்னால்வாசி:
வேலை விஷயமாக மூன்று வருடமாக ஹரியானாவில் இருக்கிறேன், இரண்டு கோதுமை வயல்கள் என் பொறுப்பில். ஒன்று நவம்பர் 5-ல் விதைத்தது, மற்றது நெல் அறுப்பு தள்ளிப்போனதால் டிசம்பர் 15. ரகம், உரம் எல்லாம் ஒன்றுதான், நடுவில் ஒரு வரப்பு மட்டும். இப்போது மார்ச் முதல் வாரம். முந்தின வயலில் மணியை நசுக்கினால் மாவாக வருகிறது, பூச்சி அங்கொன்றும் இங்கொன்றும்தான். பிந்தின வயலில் இப்போதுதான் கதிர் வெளியே வருகிறது, அதற்குள் கதிர்க்காம்பைச் சுற்றி அசுவினி அப்பிக்கிடக்கிறது. கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து மருந்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

கண்ணாடி இலை:
முந்தின வயலைத் தொடாதீர்கள். அசுவினிக்கு வேண்டியது சாறு. கதிர் வந்ததிலிருந்து பால் பிடிக்கும் வரை செடியின் சத்தெல்லாம் மேலே கதிருக்குத்தான் ஓடும், அதனால் பூச்சியும் இலையை விட்டுக் கதிருக்கு ஏறிவிடும். மணி இறுகத் தொடங்கியதும் சாறு குறையும், இறக்கை முளைத்தவை பறந்துவிடும், அதற்குப் பிறகு மருந்து வீண் செலவு. உங்கள் டிசம்பர் பயிருக்குக் கதிர் வரும் நேரமும் குளிர் விட்டு இதமான வெயில் வரும் நேரமும் ஒன்றாகிவிட்டது, தாமதமாக விதைத்தால் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு கதிருக்கு 5 அசுவினி. எண்ணிப் பார்த்து, அதைத் தாண்டினால் மட்டும் அடியுங்கள்.

வரப்போரம்:
ஓரத்தில் மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள் நண்பரே, அசுவினி முதலில் வரப்போரம்தான் இறங்கும். உள்ளே போய்ப் பார்த்தால் சில அசுவினி பழுப்பாக உப்பி, தொட்டாலும் நகராமல் ஒட்டிக்கிடக்கும், அதெல்லாம் குட்டிக் குளவி முட்டையிட்டுக் கொன்றவை. அசுவினியைத் தின்னும் பொறிவண்டுப் புழுவும் இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்புறம், அடுத்த முறை அசுவினிக்குப் பயந்து அக்டோபரிலேயே விதைத்துவிட வேண்டாம். அப்போது குளிர் தொடங்கியிருக்காது, நெல் தாளில் தங்கிய இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான் இளம்பயிரில் ஏறி நடுக்குருத்தைக் காயவைத்துவிடும். கரையான் வேறு மாதிரி. பயிர் முளைத்ததும் ஒரு முறை தாக்கும், முற்றும்போது ஒரு முறை.

ரெஜைனா தமிழன்:
இங்கே கனடாவில், சஸ்காட்சவனில், கோதுமைக் கொசு ஈ என்று ஒன்று. கதிர் வெளிவந்து பூக்கும் வரையான அந்தச் சில நாள்தான் அதற்குக் காலம், மகரந்தப்பை வெளியே தொங்கிவிட்டால் பிறகு இடும் முட்டையால் பெரிய சேதம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வயலில் குனிந்து நின்று ஈயை எண்ணுவோம், கூடவே எத்தனை கதிர் பூத்திருக்கிறது என்றும் பார்ப்போம். நீங்களும் பருவத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

கர்னால்வாசி:
நன்றி. இன்று காலை பிந்தின வயலில் 100 கதிர் எண்ணினேன். ஓரத்தில் கதிருக்குப் பத்துக்கு மேல், உள்ளே இரண்டு மூன்றுதான், பொறிவண்டும் நிறைய. ஓரப் பட்டையில் மட்டும் அடிக்கிறேன், நடுவை வியாழனன்று மறுபடி எண்ணிவிட்டு எழுதுகிறேன்.