கேலரியில் கத்தும் பெற்றோரை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். என் மகள் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பேட்மின்டன் ஆடுகிறாள். போன ஞாயிறு ஒரு போட்டி. எதிராளிப் பெண்ணின் அப்பா கேலரியில் நின்று, ராலி ஓடும்போதே "பின்னாடி போடு, பின்னாடி போடு" என்று ஓயாமல் கத்தினார். கோட்டோரம் விழுந்த ஒரு ஷட்டிலுக்கு அம்பயர் 'அவுட்' சொன்னதும் கோர்ட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டார். அம்பயர் யாரென்றால், பிளஸ் டூ படிக்கும் பையன். மிரண்டுபோய் 'லெட்' கொடுத்து, அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொல்லிவிட்டான்.

நானும் யோக்கியனில்லை. 18-18ல் மகள் நெட்டில் அடித்தபோது தலையில் கை வைத்துவிட்டேன். அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அடுத்த இரண்டு பாயிண்டும் போய், கேம் முடிந்தது.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஷட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது யாரும் யோசனை சொல்லக் கூடாது. 11 பாயிண்டில் 60 விநாடி, கேம்களுக்கு நடுவே 2 நிமிடம் இடைவேளை. கோச் கோர்ட்டுக்குள் வந்து பேச அதுதான் நேரம். இதைப் பெற்றோருக்கு யார் சொல்வது?

எங்கள் அகாடமிக்கு ஒரு பக்க நடத்தை விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் அகாடமியில் அப்படி ஏதும் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அப்பா செய்த தப்புக்குப் பிள்ளையை உட்கார வைக்காமல் என்ன நடவடிக்கை எடுக்கலாம்? அப்புறம், தோற்ற பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டும் கோச்சுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். சார் மனம் நோகாமல் அதை எப்படி எழுதுவது?