இரண்டு சித்தூர், மூன்று ‘சிநேகம்’: எல்லைப் பிள்ளைகளுக்கு நட்புச் சொற்கள்

கேள்வி: வேலந்தாவளம்_வாத்தியார்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, திருச்சூர், கோழிக்கோடு கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. இவர்களுக்கு மலையாளம் பேசத் தெரியும். தடுக்குவது இலக்கணத்தில் இல்லை, பழக்கத்தில். யாரை ‘நீ’ என்பது, யாரிடம் கைமாத்து கேட்பது, எந்தச் சொல் தப்பாகக் கேட்கும் என்பதில்தான். நம் பாலக்காட்டுச் சித்தூருக்கு இருக்கும் இதே சங்கடம் ஆந்திரத்துச் சித்தூருக்கும் இருக்குமே, தெலுங்கு விவரமும் தாருங்கள். ‘எல்லோரிடமும் அன்பாகப் பழகு’ போன்ற அறிவுரை வேண்டாம். சொல், இடம், எங்கே பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்பது போதும்.

பதில் 1: சொல்லடுக்கு

முதல் பக்கத்தில் போட வேண்டியது ‘சிநேகம்’ என்ற ஒரே சொல்தான். தமிழில் ‘எனக்கும் அவளுக்கும் சிநேகம்’ என்றால் தோழமை. தெலுங்கில் ‘ஸ்நேஹம்’ என்றாலும் தோழமையே. காதலுக்கு அங்கே ‘ப்ரேம’ இருக்கிறது. மலையாளத்தில் ‘ஸ்நேஹம்’ என்றால் அன்பு. அம்மாவின் அன்பும் அதுதான், காதலும் அதுதான். ‘ஞான் அவளெ ஸ்நேஹிக்குந்நு’ என்று ஒரு பையன் சொன்னால் வகுப்பே அதைக் காதல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘ஸ்நேஹிதன்’ என்றால் அங்கேயும் நண்பன்தான். பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வினைச்சொல்லுக்குத் தாவும்போதுதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நட்பைச் சொல்ல ‘கூட்டு’, ‘கூட்டுகாரன்’, ‘கூட்டுகாரி’ போதும், ஆபத்தில்லாதவை.

அடுத்தது ‘சங்காத்தம்’. தமிழில் இது இன்று பெரும்பாலும் ‘உன் சங்காத்தமே வேண்டாம்’ என்று அறுத்துக்கொள்ளும்போதுதான் வாயில் வருகிறது. மலையாளத்தில் ‘சங்ஙாத்தம்’ நல்ல சொல். ‘சங்ஙாதி’ என்றால் நண்பன். நண்பன் நல்லவனென்றால் கண்ணாடி வேண்டாம் என்று அங்கே பழமொழியே உண்டு: ‘சங்ஙாதி நந்நெங்கில் கண்ணாடி வேண்ட’. இளவட்டம் உயிர்த்தோழனைச் ‘சங்க்’ என்கிறது. அது நெஞ்சு என்ற பொருளில் வருவது. நம் காதில் அது சங்காக விழும், அறுக்கிற சங்கும் ஊதுகிற சங்கும் நினைவுக்கு வரும். கோபப்பட வேண்டியதில்லை.

‘சகாவு’ என்பதையும் குறித்துவிடுங்கள். தமிழில் சகா என்றால் கூட இருப்பவர், உடன் வேலை செய்பவர். கேரளத்தில் சகாவு என்றால் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர். நட்பாக நினைத்து ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் நீங்கள் எந்தக் கட்சி என்று சொன்னதாக ஆகும்.

பதில் 2: நகரி_தறி

வாத்தியாருக்கு வணக்கம். சொல்லடுக்கு சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிள்ளைகள் மனம் நோவது சொல்லால் அல்ல, விகுதியால் என்பது என் எண்ணம்.

தமிழில் மரியாதை வினையில் ஒட்டிக்கொண்டு வருகிறது: வந்தியா, வந்தீங்களா. மலையாள வினைக்கு நான், நீ, அவர் என்று காட்டும் விகுதியே கிடையாது. குழந்தைக்கும் ‘வந்நோ’, பாட்டிக்கும் ‘வந்நோ’. தமிழ்க் காது அதை ‘வந்தியா’ என்று வாங்கி, மதிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. அங்கே மரியாதை இருப்பது விளிப்பெயரில்: ‘சேட்டன் (அண்ணன்) வந்நோ’, ‘டீச்சர் வந்நோ’. பெயரிலும் உறவிலும் அதைத் தேட வேண்டும்.

‘தான்’ அங்கே முன்னிலை. ஒத்த வயது, இன்னும் ‘நீ’ அளவுக்கு ஒட்டவில்லை என்கிற இடத்துக்கு அது பொருந்தும். மூத்தவரிடம் கூடாது. ‘நிங்ஙள்’ இடத்துக்கு இடம் மாறும். மலபாரில் ‘இங்ஙள்’, ‘ஙள்’ மரியாதைதான். தெற்கே போனால் பெரியவர்களிடம் அது முகம் சுளிக்க வைக்கும். கோழிக்கோட்டில் பழகியதைத் திருவனந்தபுரத்தில் அப்படியே பேசக் கூடாது.

தெலுங்கில் நிலைமை தமிழ் மாதிரி, வினையிலேயே மரியாதை. ஆனால் ஒலி ஏமாற்றும். ‘ரா’ நம் ‘டா’ போல: ஆண் தோழனிடம் ‘செப்பரா’, தோழியிடம் நெருக்கத்தில் ‘செப்பவே’. மரியாதைக்குச் ‘செப்பண்டி’. இந்தக் கடைசி ‘டி’ நம் ‘டி’ இல்லை. ‘அண்டி’ என்பது நம் ‘ங்க’. தெலுங்கு அறியாத தமிழ்ப் பெண்ணிடம் கடைக்காரர் ‘செப்பண்டி’ என்றால் முகம் சிவக்கும். அவர் கொடுத்ததோ முழு மரியாதை. எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ‘வச்சாரா?’ என்றால் ‘வந்தீர்களா?’. ‘ரா’வில் முடிகிறதே, தோழனிடம் பேசுவது என்று நினைக்கக் கூடாது. தோழனிடம் ‘வச்சாவா’.

பதில் 3: கணக்குப்பிள்ளை

கைமாத்துக்கு மூன்று மொழியிலும் கைதான்: தமிழில் கைமாற்று, மலையாளத்தில் கைவாய்ப, தெலுங்கில் சேபதுலு (‘சே’ என்றாலும் கை). வட்டியில்லை, பத்திரமில்லை, சீக்கிரம் திரும்ப வேண்டும். இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் இருப்பது கோழிக்கோட்டுக்கு வடக்கே. வடகரை, நாதாபுரம், குற்றியாடி பக்கம் ‘பணப்பயற்று’ என்று ஒன்று உண்டு. வீடு கட்ட, மகள் கல்யாணத்துக்கு என்று பணம் தேவைப்படுபவர் தேதி குறித்துத் தெரிந்தவர்களை அழைப்பார், தேநீரும் பலகாரமும் கொடுப்பார். வருபவர்கள் தரும் பணம் பெயரோடு ஏட்டில் ஏறும். நீங்கள் 1,000 ரூபாய் வைத்தால், உங்கள் பயற்றுக்கு அவர் 2,000 வைக்க வேண்டும்: பாதி பழைய கடன், பாதி புதிது. புதிது சேர்ந்துகொண்டே இருப்பதால் கணக்கு முடிவதில்லை; முடியாதிருப்பதுதான் உறவு. திருப்பாதவருக்கு ஊரில் மானம் போகும்.

தமிழருக்குப் புரிய வைக்க மொய் விருந்து போதும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் நடப்பதும் இதே ஏட்டுக் கணக்குதான். அங்கே கறிச்சோறு, இங்கே தேநீர்.

கையேட்டில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்: விடுதித் தோழன் வீட்டுப் பயற்றுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வரலாம், காசு வைக்க வேண்டாம். அன்பளிப்பு என்று நினைத்து 500 வைத்தாலும் உங்கள் பெயரில் கணக்கு திறந்துவிடும். திருச்சூர், பாலக்காட்டில் சொல்லும் ‘குறி’ இதுவல்ல, அது சீட்டு.

வேலந்தாவளம்_வாத்தியார்

மூவருக்கும் நன்றி. பயற்று விஷயம் இங்கே யாருமே பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஒன்று பாக்கி: தமிழில் மச்சான், மலையாளத்தில் அளியன், தெலுங்கில் பாவா. தோழனை அப்படி அழைப்பதில் பெண் பிள்ளைகளுக்கு ஏதும் எச்சரிக்கை உண்டா?

பதில் 4: நகரி_தறி

உண்டு. ஆணும் ஆணும் அழைத்துக்கொண்டால் மூன்றும் தோழமைதான். அண்ணன் என்றால் மேல் கீழ் வந்துவிடும். மச்சானிடம் கேலி பேச உரிமை உண்டு, அதனால்தான் அந்த உறவைக் கடன் வாங்குகிறார்கள். ஒரு பெண் தெலுங்கில் ‘பாவா’ என்றால் அது மாமன் மகன், அத்தை மகன், அக்கா கணவர், அல்லது தன் கணவர். விளையாட்டாகவும் வகுப்பில் சொல்ல வேண்டாம். கேரளத்தில் ‘அளியா’ பெரும்பாலும் ஆண்கள் தமக்குள் அழைப்பது. பெண் பிள்ளைகள் பெயர் சொல்லியே கூப்பிடலாம், மேல் வகுப்பு என்றால் ‘சேட்டா’, முஸ்லிம் வீட்டுப் பையன் என்றால் ‘இக்கா’.