புதுப்பிப்பு: நீங்கள் சொன்ன நியோ-நுவார் படங்களில் பார்த்தவை

அதிகம் பேசப்படாத நியோ-நுவார் படங்கள் (பழைய ‘நுவார்’ பாணியைப் பின்பற்றி பிற்காலத்தில் வந்த, இருண்ட மனநிலை கொண்ட குற்றப்படங்கள்) இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன் அல்லவா? வந்த பட்டியலில் சிலவற்றைப் பார்த்துவிட்டேன்.

முதலிடம் ‘ரெட் ராக் வெஸ்ட்’ (1993) படத்துக்குத்தான். கையில் காசில்லாமல் வேலை தேடி வரும் நிக்கோலஸ் கேஜை, கூலிக்கொலைகாரன் என்று நினைத்து மதுக்கடைக்காரர் தன் மனைவியைக் கொல்ல 5,000 டாலர் நீட்டுகிறார். இவரும் வாங்கிக்கொள்கிறார்! நேரே போய் மனைவியை எச்சரித்தால், அந்த அம்மா கணவனைத் தீர்த்துக்கட்ட இரண்டு மடங்கு தருகிறேன் என்கிறார். அப்புறம் ஊரை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று திருப்பி இழுத்துவருகிறது. ஒருகட்டத்தில் ஊர் வரவேற்புப் பலகையைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுக்கடைக்காரராக வரும் ஜே. டி. வால்ஷ் அலட்டிக்கொள்ளாமலே மிரட்டுகிறார்.

‘நைட் மூவ்ஸ்’ (1975) நிதானமான படம், பொறுமை வேண்டும். காணாமல்போன பெண்ணைத் தேடும் துப்பறிவாளர் ஜீன் ஹேக்மன், சொந்த மனைவியின் ரகசிய உறவைத் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கிறார். முடிவைப் பற்றி யாரும் இங்கே வாய் திறக்காதீர்கள், ப்ளீஸ்.

‘கட்டர்ஸ் வே’யில் (1981) ஜான் ஹேர்ட் நடிப்பு பிரமாதம், கதைதான் எனக்கு ஒட்டவில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். அடுத்தது ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’ (1992).