நிற்கும்போது முனகும் சர்வோ, வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பட்டறையில் ஒரு டிரில்லிங் மெஷினின் ஸ்டெப்பரைக் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) கழற்றிவிட்டு 750 வாட் சர்வோ (தன் நிலையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் மோட்டார்) மாட்டியிருக்கிறேன். அதன் சுழற்சியை அளக்கும் என்கோடர் 17 பிட், அதாவது ஒரு சுற்றுக்கு 131072 எண்ணிக்கை. சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும். கட்டளையாக வரும் ஒரு பல்ஸுக்கு ஒரு மைக்ரான் வரட்டும் என்று எலக்ட்ரானிக் கியர் விகிதத்தை (ஒரு பல்ஸுக்கு எத்தனை என்கோடர் எண்ணிக்கை என்பது) 131072/10000 என வைத்தேன். அளவு சரியாகவே வருகிறது.

சிக்கல் நிற்கும்போதுதான். முனகிக்கொண்டே லேசாக அதிர்கிறது. பொசிஷன் கெயினைக் (நிலைப் பிழையை எவ்வளவு தீவிரமாகத் திருத்துவது என்ற அமைப்பு) குறைத்தால் சத்தம் அடங்குகிறது, ஆனால் ஓட்டத்தில் பின்தங்கி ஃபாலோயிங் எரர் (இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) எகிறுகிறது. (ஸ்டெப்பர் ஸ்டெப்பைத் தவறவிட்டாலும் வாய் திறக்காது. இதுவோ ஓயாமல் புலம்புகிறது!)

மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் பழைய ஜா கப்ளிங்கை அப்படியே விட்டுவிட்டேன். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் இப்படி ஆகுமா? முதலில் அதை மாற்றவா, இல்லை கெயின்களைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோ டியூனிங் ஓட்டிப் பார்க்கவா? கைப்பட்டவர்கள் சொல்லுங்கள்.