எண்ணி அழுத்தும் அப்பாவுக்கு விளம்பரம் இல்லாத முகப்புத் திரை வேண்டும்

நிலாமுற்றம்:

என் அப்பாவுக்கு 81 வயது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதால் நேரே இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. டிவி அவருக்குக் காதால் கேட்கிற பொருள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த ஸ்மார்ட் டிவியை வாங்கியபோது முகப்புத் திரையில் செயலிகள் ஒரே வரிசையாக இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வலப்பக்கம் இரண்டு, பிறகு ஓகே: செய்தி. வலப்பக்கம் நான்கு, பிறகு ஓகே: பாட்டு. கட்டைவிரலால் ரிமோட்டைத் தடவி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்துவார். தவறியதே இல்லை.

போன மாதம் ஓர் இரவில் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை திரையின் மேல்பாதி முழுவதும் ஒரு திரைப்பட விளம்பரம். டிவியைப் போட்டதும் தேர்வுக் கட்டம் அந்த விளம்பரத்தின் மேல்தான் போய் நிற்கிறது. செயலிகளுக்குப் போக ஒருமுறை கீழே இறங்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நடுவில் "உங்களுக்காக" என்று இன்னொரு வரிசை முளைத்தது. இப்போது இரண்டு முறை இறங்க வேண்டும். நாளை எத்தனை முறையோ தெரியாது.

அப்பா பழைய கணக்கிலேயே அழுத்தினார். ஒரு படத்தின் முன்னோட்டம் பெருஞ்சத்தத்துடன் ஓடியது. மறுபடி அழுத்தினார், சந்தா கட்டச் சொல்லும் பக்கம் திறந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எண்ணிக்கை மறந்துபோகிறது போலிருக்கிறது" என்றார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தயாரிப்பு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினேன். "இது புதிய வசதி, நீக்க வழியில்லை" என்று முடித்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: டிவியைப் போட்டால் எப்போதும் ஒரே இடத்தில் ஒரே பொத்தான் இருக்க வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுதுபார்ப்பவன்:

சகோதரி, எந்த நிறுவனத்தின் டிவி என்று நீங்கள் எழுதவில்லை. வீடுகளில் டிவி பொருத்திக் கொடுப்பது என் வேலை. கையாண்ட வகைகளைச் சொல்கிறேன்.

எல்ஜி டிவியில் அமைப்புகளுக்குள் முகப்புத் திரைக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே 'ஹோம் ப்ரமோஷன்' என்பதை அணைக்கலாம். சாம்சங்கில் 'ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்' என்பதை அணைத்தால், டிவியைப் போட்டவுடன் முகப்புத் திரை தானாகத் தாவி வராது. கூகுள் டிவி மென்பொருள் உள்ளவற்றில் கணக்குப் பகுதிக்குள் 'ஆப்ஸ் ஓன்லி மோட்' இருக்கிறது. பரிந்துரை வரிசைகள் போய்விடும், ஆனால் மேலே உள்ள பெரிய படம் முழுவதும் போய்விடும் என்று நான் உறுதி தரமாட்டேன். அமேசானின் ஃபயர் டிவியில் 'ஃபீச்சர்டு கண்டென்ட்' என்ற இடத்தில் படமும் ஒலியும் தானாக ஓடுவதை நிறுத்தலாம். அலறல் நிற்கும். படம் அசையாமல் அங்கேயே இருக்கும்.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. புதுப்பிப்புக்குப் பிறகு இந்தப் பொத்தான்கள் இடம் மாறுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அணைத்து வைத்தது மறுபடி உயிர்பெற்றிருப்பதும் உண்டு. அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

தரவுக்காவல்:

விளம்பரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். திரையில் என்ன ஓடுகிறது என்று டிவியே குறிப்பெடுக்கிறது. படத்தின் சிறு மாதிரிகளை எடுத்து, கைரேகைபோல ஒரு குறியீடாக்கி, நிறுவனத்தின் கணினியில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுவார்கள். சுருக்கமாக ஏசிஆர் என்பார்கள். 2017இல் அமெரிக்க வணிக ஆணையம் டிவி தயாரிக்கும் விசியோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், உரிமையாளர்களின் சம்மதம் இல்லாமல், பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

2024இல் ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளின் இணையப் போக்குவரத்தைச் சோதித்தார்கள். எச்டிஎம்ஐ வழியாக வேறு கருவியை இணைத்து டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தினாலும் இந்தக் குறிப்பெடுப்பு நடக்கிறது என்று கண்டார்கள். நல்ல செய்தியும் அதே ஆய்வில் உண்டு: அமைப்புகளில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆகவே 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' என்பது போன்ற பெயரில் இருப்பதையும், விருப்பம் சார்ந்த விளம்பரம் என்பதையும் தேடி அணையுங்கள். முகப்புத் திரை மாறாது. ஆனால் உங்கள் அப்பா கேட்பது எதுவென்று வெளியே போகாது.

தென்காற்று:

வருத்தம் புரிகிறது, ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிவிகள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு விளம்பர வருமானமும் ஒரு காரணம். டிவியில் செருகும் கருவிகள் விற்கும் ரோகு நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள்: வருவாயின் பெரும்பகுதி விளம்பரமும் சந்தாவும் சேர்ந்த பிரிவிலிருந்து வருகிறது, கருவி விற்பதில் நட்டம். நாமும் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்துகிறோம்?

நிலாமுற்றம்:

தென்காற்று, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வாங்கிய நாளில் இந்த விளம்பரம் இல்லை. இல்லாத ஒன்றுக்குத்தான் அன்று பணம் கொடுத்தேன். மலிவுக்கு ஈடாக விளம்பரம் என்றால் அதைக் கடையிலேயே, பெட்டியின் மேலேயே எழுதியிருக்கட்டும். எழுதியிருந்தால் வேறு டிவி பார்த்திருப்பேன்.

ஏற்றுக்கொண்டது யார் என்றும் சொல்கிறேன். புதுப்பிப்பு வந்த காலையில் புதிய விதிமுறைப் பக்கம் வந்திருக்கிறது. வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அவர் தன் கணக்குப்படி வலப்பக்கம் இரண்டு, ஓகே என்று அழுத்தியிருக்கிறார். அதுதான் எங்கள் வீட்டின் சம்மதம். ஒரு வரிகூடப் படிக்க முடியாதவரிடமிருந்து வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது.

பழுதுபார்ப்பவன், நீங்கள் சொன்னதுபோல் தேடி, அணைக்க முடிந்ததை எல்லாம் அணைத்தேன். முன்னோட்டம் தானாக ஓடுவது நின்றது, அதற்கே பெரிய நன்றி. ஆனால் அசையாத விளம்பரம் இன்னும் மேலே உட்கார்ந்திருக்கிறது, தேர்வுக் கட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. தரவுக்காவல் சொன்ன இரண்டையும் அணைத்துவிட்டேன். இரண்டும் இயக்கத்தில் இருந்தன.

ஓரப்பார்வை:

எனக்கும் பார்வை குறைவு, உங்கள் அப்பாவைப் போலவே எண்ணித்தான் அழுத்துகிறேன். அதனால் உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திரையை வாய்விட்டுப் படிக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்பார்கள். என் டிவியில் அது முதலில் விளம்பரத்தைத்தான் படித்தது. பொறுமை போய்விட்டது.

நான் முகப்புத் திரையைத் திருத்தும் முயற்சியையே விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு மென்பொருள் உள்ள ஒரு சிறு வெளிப்பெட்டியை எச்டிஎம்ஐயில் செருகினேன். அதில் ப்ரொஜெக்டிவி என்ற மாற்று லாஞ்சரை, அதாவது முகப்புத் திரையைக் காட்டும் செயலியை, போட்டேன். எந்தச் செயலி எங்கே இருக்க வேண்டும் என்பதை நாமே வைக்கலாம், நாம் மாற்றும்வரை மாறாது. மற்ற வரிசைகளை எடுத்துவிட்டு இரண்டே செயலிகளை விட்டேன். பிறகு டிவியின் வைஃபையைத் துண்டித்தேன். இணையம் பெட்டிக்கு மட்டும்.

முக்கியமானது எச்டிஎம்ஐ சிஇசி, அதாவது டிவியும் பெட்டியும் எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒன்றையொன்று இயக்கும் வசதி. நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் வேறு: சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. அதை டிவியிலும் பெட்டியிலும் இயக்கிவிடுங்கள். பெட்டியின் ரிமோட்டை அழுத்தினால் டிவி தானே விழித்து அந்த உள்ளீட்டுக்கே வந்துவிடும். டிவியின் முகப்புத் திரையைக் கடக்கவே வேண்டாம். பழைய ரிமோட்டை எடுத்து ஒளித்துவையுங்கள், இல்லாவிட்டால் கை பழக்கத்தில் அதைத்தான் தேடும்.

பழுதுபார்ப்பவன்:

இது நல்ல வழி. ஓர் எச்சரிக்கை மட்டும்: மாற்று லாஞ்சர் போட்டபின் சிலர் கணினியை இணைத்து, கட்டளை கொடுத்து மூல லாஞ்சரையே முடக்குகிறார்கள். புதிய லாஞ்சர் ஒருநாள் பழுதானால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். ரூட்டரில் விளம்பர முகவரிகளைத் தடுப்பதும் இங்கே முழுப் பலன் தராது. படம் வராமல் போகலாம், ஆனால் கட்டம் காலியாக அங்கேயே நிற்கும். எண்ணிக்கை மறுபடி தவறும்.

நிலாமுற்றம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஓரப்பார்வை சொன்னபடியே செய்தேன். சிஇசி முதல் நாள் வேலை செய்யவில்லை. டிவியில் இயக்கியிருந்தேன், பெட்டியில் மறந்துவிட்டேன். லாஞ்சரில் செய்தியை முதலிடத்திலும் பாட்டை அடுத்தும் வைத்தேன். இப்போது கணக்கு இன்னும் சுருங்கிவிட்டது: வெறும் ஓகே என்றால் செய்தி, வலப்பக்கம் ஒன்று, பிறகு ஓகே என்றால் பாட்டு.

முதல் மூன்று நாள் அப்பா நம்பவில்லை. அழுத்திவிட்டு, சரியாக வந்ததா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நேற்று நான் சமையலறையில் இருந்தபோது மாலைச் செய்தியின் குரல் கேட்டது. என்னை அவர் கூப்பிடவில்லை.

ஒன்று மிச்சமிருக்கிறது. டிவி எப்போதாவது "இணைய இணைப்பு இல்லை, இப்போது இணைக்கவா?" என்று நடுத்திரையில் கேட்கிறது. ஓகே அழுத்தினால் வைஃபை பட்டியல் திறக்கிறது. இந்த அறிவிப்பை நிரந்தரமாக நிறுத்த யாருக்காவது வழி தெரியுமா?