மணிக்கட்டை மடக்கும் தசைகளில் நோ: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. நிலாவெளியில கரைவலை இழுக்கிற எங்கட அப்பாவுக்கு வலது முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில கடும் நோ. கயிற்றைப் பிடிச்சு மணிக்கட்டை உள்ளே மடக்கினால் இன்னும் கூடுது. மணிக்கட்டை மடக்கிற முக்கிய தசைகள் அந்த முனையிலதான் தொடங்குது. பெருவிரல் பக்கம் போற பிளெக்சர் கார்பி ரேடியாலிஸ் எண்ட தசையை மீடியன் நரம்பு இயக்குது, சின்னவிரல் பக்கம் போற பிளெக்சர் கார்பி அல்னாரிஸ் எண்ட தசையை அல்னார் நரம்பு இயக்குது. அப்பாவுக்குச் சின்னவிரலும் விறைக்குது. அல்னார் நரம்பு அதே முனைக்குப் பின்னால போறதால எனக்கு அதுதான் பயம்.

சீசன் நேரம், ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கிறார் இல்லை. திருகோணமலை டவுனுக்குள்ள நல்ல பிசியோதெரபிஸ்ட் ஆரும் தெரியுமோ? நரம்புச் சோதனை இங்கயே செய்யலாமோ, மட்டக்களப்புக்குப் போகவேணுமோ? இதே நோ வந்து மாறின ஆக்கள், எப்ப திரும்ப வலை இழுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ.